லைன் வண்டி ஓட்டிக்கொண்டே திருநங்கையாக மாறுவது: வேலையை விடாமல் முடியுமா?

நெடுஞ்சாலைக்காரி (2024 ஜூன்)

நாமக்கல் பக்கம் எனக்கு. வயது முப்பத்து நாலு. பன்னிரண்டு சக்கர லாரி, பெரும்பாலும் நாக்பூர், ராய்ப்பூர் லைன், அதாவது வெளிமாநிலத் தூர ஓட்டம். லைசென்ஸ், ஆதார் எல்லாவற்றிலும் ஆண் பெயர்தான் இருக்கிறது. நான் ஆண் இல்லை என்பது பள்ளிக்கூடத்திலேயே எனக்குத் தெரியும். வீட்டில் அம்மாவிடமும் தங்கையிடமும் போன வருடம்தான் சொன்னேன். அம்மா ரொம்ப அழுதார். அப்புறம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: "வண்டியை மட்டும் விட்டுடாதே."

நானும் விடப்போவதில்லை. தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்கும்போது கியரைக் குறைத்து, பிரேக்கைச் சூடாக்காமல் இறக்கத் தெரிந்தவள் நான். கிளீனராக ஏறி, டயர் கழற்றி, தார்பாய் கட்டி, அடி வாங்கிக் கற்றுக்கொண்ட தொழில் இது. பெண்ணாக வாழவேண்டும் என்பதற்காக இதை ஏன் விடவேண்டும்?

டாக்டரைப் பார்த்துவிட்டேன். ஹார்மோன் சிகிச்சை தொடங்கலாம் என்கிறார். ரோட்டில் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் கேள்வி. தாபாவில் குளியல் எப்படி என்று டிரைவர்களுக்குத் தெரியும். திறந்தவெளியில் ஒரு சிமெண்ட் தொட்டி, நாலைந்து பேர் உள்ளாடையோடு நின்று மக்கில் மொண்டு ஊற்றிக்கொள்வார்கள். இதுவரை லுங்கியை மார்பு வரை ஏற்றிக் கட்டிக் குளித்தேன், கூச்ச சுபாவம் என்று விட்டுவிட்டார்கள். மார்பு வளர ஆரம்பித்தபின் அது நடக்காது. ஒன்றுக்குப் போவதற்கும் பின் டயரை ஒட்டி நிற்கிற பழக்கம்தான் எல்லாருக்கும். செகண்ட் டிரைவரும் நானும் ஒரே கேபினில் மாறி மாறிப் படுக்கிறோம். அவரிடம் எப்போது சொல்வது, ஓனரிடம் எப்போது சொல்வது, பேப்பர் எல்லாம் எந்த வரிசையில் மாற்றுவது? இந்தத் தொழிலிலேயே இருந்துகொண்டு மாறியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் மாறுவதற்கு முன்பே வண்டியை விட்டு இறங்கிவிட்டார்கள்.

விழுப்புரத்து அக்கா

கண்ணு, உன் அம்மா சொன்னது சரி. நான் லாரி ஓட்டியவள் இல்லை. ஆனால் வேலையை விட்டுவிட்டு வந்த எத்தனையோ பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவள். மில்லில் இருந்து வந்திருக்கிறார்கள், பட்டறையில் இருந்து வந்திருக்கிறார்கள், ஒரு பிள்ளை நர்சிங் முடித்துவிட்டு வந்தது. எங்கள் காலத்தில் வீட்டை விட்டு ஓடி, பம்பாய்க்கு ரயிலேறி, ஒரு குருவிடம் சேர்ந்தால்தான் பெண்ணாக நடமாடவே முடியும். நிர்வாணம், அதாவது ஆணுறுப்பை நீக்கிக்கொள்வது என்றால், தாயம்மா என்கிற மூத்த திருநங்கை கையால்தான். அதில் பிழைக்காமல் போனவர்களை எனக்குத் தெரியும். இப்போது அரசு ஆஸ்பத்திரியிலேயே அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்கிறார்கள். 2008இல் இந்த நாட்டிலேயே முதல்முறையாக நமக்கென்று நலவாரியம் வைத்தது தமிழ்நாடு. அதெல்லாம் வந்தபிறகும், கையில் இருக்கிற தொழிலை விடு என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

கடை கடையாகக் காசு கேட்கப் போவதை நான் கேவலமாகப் பேசமாட்டேன். அந்தக் காசில்தான் என் மகள்களை வளர்த்தேன். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரு தொழில் தெரிந்திருந்தால், அதை விட்டுக்கொடுத்திருக்கவே மாட்டேன். ஜமாத்துக்கு, நம் திருநங்கைகள் கூட்டத்துக்கு, வா, போ, உறவாக இரு. ஸ்டியரிங்கை மட்டும் விட்டுவிட்டு வராதே.

இன்னொன்று. பிள்ளைகள் கைமாற்றிக் கொடுக்கிற மாத்திரையைப் போடாதே.

ஓபி சிஸ்டர்

அக்கா கடைசியில் சொன்னதிலிருந்து நான் தொடங்குகிறேன். ஹார்மோன் பிரிவு ஓபியில் வேலை செய்கிறேன். கைமாற்றிக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் கருத்தடை மாத்திரை. அதில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ரடையால். சீக்கிரம் மார்பு வளரட்டும் என்று நாளுக்கு நாலைந்து போடுகிறார்கள். அதனால் காலில் ரத்தம் உறைகிற ஆபத்து அதிகம். உறைந்த கட்டி நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே உலை. மணிக்கணக்காக மடக்கிய காலோடு உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு இது இன்னும் மோசம். டாக்டர்கள் கொடுப்பது எஸ்ட்ரடையால், அது வேறு மருந்து. தோலில் தடவுகிற ஜெல் கிடைத்தால் ரத்தம் உறையும் அபாயம் இன்னும் குறைவு. எதைப் போட்டாலும் பீடி, சிகரெட்டை அடியோடு நிறுத்துங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை ஓரங்கட்டி இறங்கி நடங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். எந்த ஊராக இருந்தாலும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

ஆண் ஹார்மோனைக் குறைக்க ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்தால் அது சிறுநீரை அதிகமாகப் பிரிக்கும். கழிப்பறைக்குப் பயந்து நிறைய பேர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். மே மாதம் நாக்பூர் பக்கத்து விதர்பா வெயிலில் அப்படிச் செய்தால் தலை சுற்றி விழவேண்டியதுதான். ஸ்டியரிங்கில் இருக்கும்போது அது நடக்கக்கூடாது. அதே மருந்து உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றும். வழியெல்லாம் இளநீர் குடிக்கிற டிரைவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன், இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். அளவோடு குடியுங்கள், ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். உங்கள் தொழிலைச் சொன்னால் டாக்டர் வேறு மருந்தும் யோசிக்கலாம்.

மார்பு வளர்ச்சி மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் தெரியத் தொடங்கும், முழுதாக வர இரண்டு மூன்று வருடம்கூட ஆகும். ஆக ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவில் எல்லாம் மாறிவிடாது. குரல் மாறாது, தாடி போகாது. தாடிக்கு லேசர் செய்வதாக இருந்தால், செய்த பிறகு வெயில் படக்கூடாது. டிரைவர் சீட்டில் வலது கன்னம்தான் முழு வெயிலையும் வாங்கும், துணியால் மூடிக்கொள்ளுங்கள். கை பலமும் கொஞ்சம் குறையும். தார்பாய்க் கயிறு இழுக்கும்போது அது தெரியும். குழந்தை பற்றிய எண்ணம் ஏதாவது இருந்தால் விந்தணுவைச் சேமிப்பது பற்றி மருந்து தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள், பிறகு கேட்பது கஷ்டம்.

ஆறு சக்கரம்

மனதில் பட்டதைச் சொல்கிறேன். நானும் லைன் டிரைவர்தான். நீங்கள் நல்லபடியாக இருங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் என்னைச் செகண்டாகப் போட்டால் நான் வரமாட்டேன். வீட்டுக்காரி என்ன நினைப்பாள்? ராத்திரி பார்க்கிங்கில் வண்டி நின்றால் கதவைத் தட்டுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்கும் தெரியும். டோல்கேட்டில் கைதட்டி வாங்குகிறவர்களைப் பார்த்தே பழகிய ஆட்கள் உங்களையும் அப்படித்தான் பார்ப்பார்கள். சண்டை வந்தால் வண்டிக்குத்தான் சேதம்.

நெடுஞ்சாலைக்காரி

அண்ணா, நேராகச் சொன்னதற்கு நன்றி. நானும் நேராகவே சொல்கிறேன். பத்து ரூபாய் கேட்டு டோல்கேட்டில் நிற்கிறவர்களை நம் ஆட்கள் கேபினில் உட்கார்ந்து என்னென்ன பேசுகிறார்கள் என்று நான் பக்கத்து சீட்டில் இருந்து கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு எனக்குள் எப்படி இறங்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அவர்களில் ஒருத்திக்கு யாராவது ஒரு வண்டி கொடுத்திருந்தால் அவள் அங்கே நின்றிருக்கமாட்டாள்.

கதவுத் தட்டல் எனக்கும்தான் பயம். என் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளவேண்டியவள் நான். ஒரே கேபினில் இத்தனை வருடம் படுத்து எழுந்த செகண்ட் டிரைவர் என்னிடம் ஒரு தப்பும் பார்க்கவில்லை. நாளைக்கு நான் சுடிதார் போட்டால் அந்த ஆள் கெட்டுப்போய்விடுவாரா? வரமாட்டேன் என்பது உங்கள் விருப்பம், அதில் நான் வழக்காட வரவில்லை. ஆனால் வண்டிக்குச் சேதம் என்னால் வரும் என்று சொல்லாதீர்கள். கதவைத் தட்டுகிறவனால்தான் வரும்.

சங்ககிரி ஓனர்

அம்மணி, ஓனர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்கும் வண்டிகள் ஓடுகின்றன. இன்றைக்கு ஓனர்களுக்குப் பெரிய தலைவலி டிரைவர் பஞ்சம். டிரைவர்களின் பிள்ளைகளே இந்தத் தொழிலுக்கு வர மாட்டேன் என்கிறார்கள். டீசல் கணக்குச் சுத்தமாக, டயரைப் பார்த்து ஓட்டுகிற டிரைவர் கிடைத்தால் விடமாட்டோம். உங்கள் பலம் அதில்தான்.

முக்கியமானது இதுதான். புக்கிங் ஆபிசில் யாரோ சொல்லி ஓனர் காதுக்குப் போவதற்கு முன்னால் நீங்களே சொல்லுங்கள். போனில் வேண்டாம். டிரிப் முடித்துக் கணக்கை ஒப்படைக்கும் அன்றைக்கு, பேட்டா (டிரிப் படி), டீசல், டோல் எல்லாம் நேராக இருக்கிற நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொல்லுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது இன்சூரன்ஸ். லைசென்சில் ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பெயர் என்றால் விபத்து நடந்த அன்றைக்கு க்ளைம் நிற்குமா? எனக்கே அந்தச் சந்தேகம் இருக்கிறது. சட்டம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கேஸ் டேங்கர் பக்கம் போவதாக இருந்தால் இன்னும் கெடுபிடி. பிளான்ட் கேட்டில் ஆதாரையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அபாயகரச் சரக்கு ஓட்டுகிற லைசென்ஸ் மூன்று வருடத்துக்குத்தான், புதுப்பிக்க ஒருநாள் பயிற்சி வேறு. பேப்பர் நடுவில் தொங்கும்போது அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வக்கீல் தம்பி

சேலம் கோர்ட்டில் இருக்கிறேன். பேப்பர் மாற்றுகிற வரிசையை, இந்த 2024இல் இருக்கிற சட்டப்படி சொல்கிறேன்.

முதலில் மாவட்ட ஆட்சியரிடம் இருந்து வரும் திருநர் அடையாளச் சான்று. 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. மத்திய அரசின் தேசிய இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், உறுதிமொழிப் பத்திரம் வைத்தால் போதும். அறுவை சிகிச்சையோ உடல் பரிசோதனையோ இதற்குத் தேவையில்லை. தாலுகா ஆபிசில் யாராவது டாக்டர் சீட்டு கேட்டால் அந்தச் சட்டத்தின் 2020 விதிகளைக் காட்டுங்கள். நீங்கள் வழியில் இருந்தாலும் போனிலேயே நிலவரம் பார்க்கலாம் என்பது டிரைவருக்கு வசதி.

அந்தச் சான்று வந்தால் மற்ற ஆவணங்களில் முதல் பெயரை மாற்ற உங்களுக்கு உரிமை வந்துவிடுகிறது. ஆதாரை முதலில் மாற்றுங்கள், மற்றதெல்லாம் அதைப் பார்த்துத்தான் நகரும். பான் அட்டையில் 2018லிருந்தே திருநர் என்ற பிரிவு இருக்கிறது. அப்புறம் லைசென்சுக்கான அரசு இணையதளமான சாரதி வழியாக லைசென்ஸ். 2020 விதிகளில் டிரைவர்களுக்கு ரொம்ப முக்கியமான வரி ஒன்று உண்டு: பெயர், பாலினம், படம் மாறினாலும் ஆவணத்தின் பழைய எண் அப்படியே தொடரவேண்டும். அதாவது உங்கள் லைசென்ஸ் எண் மாறாது. ஹெவி எடுத்த தேதி, இத்தனை வருட அனுபவம், எதுவும் அழியாது. ஓனர் அண்ணனுக்கும் இதுதான் பதில். விபத்து நடந்த நேரத்தில் ஸ்டியரிங்கில் இருந்தவரிடம் அந்த வகை வண்டிக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்ததா என்பதுதான் கேள்வி. பாலினம் மாறியதால் லைசென்ஸ் செல்லாமல் போவதில்லை. மாற்றம் நடக்கிற காலத்தில் ஆட்சியர் சான்றின் நகல் ஒன்று வண்டியிலும் ஒன்று ஓனர் ஆபிசிலும் இருக்கட்டும். டிரான்ஸ்போர்ட் லைசென்சை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். அது பக்கத்தில் வருகிறதென்றால் இரண்டையும் ஒன்றாக முடித்துக்கொள்ளுங்கள். அதற்கான மருத்துவச் சான்றில் கண் பார்வை, நிறம் பிரித்தறிவது, காது கேட்பது, கை கால் நிலை போன்றவற்றைத்தான் பார்ப்பார்கள். ஹார்மோன் எடுப்பவர் ஓட்டக்கூடாது என்று எங்கும் இல்லை.

சான்றில் "திருநர்" என்றுதான் வரும். "பெண்" என்றே வேண்டுமானால் 7ஆம் பிரிவின்படி அறுவை சிகிச்சை முடிந்து, மருத்துவமனைச் சான்றோடு மறுபடி விண்ணப்பிக்கவேண்டும். இது எனக்கு ஏற்புடையது இல்லை. 2014 ஏப்ரல் 15 நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கு) தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அறுவை சிகிச்சையைக் கட்டாயப்படுத்துவது சட்டவிரோதம் என்று சொல்லியது. அதற்குப் பிறகு வந்த சட்டம் ஏன் கத்தியைக் கேட்கிறது? இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன.

வேலை விஷயத்தில், இந்தக் காரணத்துக்காக ஆளை நீக்கக்கூடாது என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் லாரித் தொழிலில் நியமன உத்தரவே கிடையாதே. "லோடு இல்லை, சொல்லி அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டால் எதை நிரூபிப்பது? அதனால் டிரிப் கணக்கு, பேட்டா போட்ட வங்கிப் பதிவு, வாட்ஸப்பில் லோடு சொன்ன தகவல் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

குட்டியானைக்காரன்

நான் திருநம்பி. கரூரில் டாடா ஏஸ் ஓட்டுகிறேன். நெடுஞ்சாலைக்காரி அக்காவுக்கு நேர் எதிர் பிரச்சினை எனக்கு. பெண் பெயரில் லைசென்ஸ் எடுத்தேன். இப்போது தாடி வந்துவிட்டது, குரல் உடைந்துவிட்டது. சோதனையில் நிறுத்திய போலீஸ்காரர் லைசென்சைப் பார்த்துவிட்டு, யாருடைய லைசென்சைத் திருடினாய் என்று ரோட்டோரம் நிற்க வைத்துவிட்டார். வண்டியில் முட்டை. வெயில் ஏற ஏற எனக்கு வயிறு கலங்கியது. அன்றைக்கே ஆட்சியர் சான்றுக்கு விண்ணப்பித்தேன். வக்கீல் அண்ணன் சொன்னதுபோல அந்தச் சான்று கைக்கு வந்தபின் லைசென்ஸ் மாறாத காலத்திலும் அதைக் காட்டித் தப்பித்தேன்.

மார்பு நீக்கும் அறுவை சிகிச்சை செய்தபோது, இரண்டு மாதம் பாரம் தூக்காதே என்றார் டாக்டர். லோடிங் கூலிக்கு ஆள் வைத்து ஓட்டினேன், லாபம் போனது. முன்கூட்டியே காசு சேர்த்து வைக்காமல் யாரும் தேதி வாங்காதீர்கள். அக்கா, உங்கள் அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு நாள் வண்டியை விட்டு இறங்கியிருக்கவேண்டும்?

ஓபி சிஸ்டர்

யோனி அமைக்கும் அறுவை சிகிச்சை என்றால் கனரக வண்டிக்குக் குறைந்தது மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் கூடும். உட்காருவதே முதலில் வலிக்கும். அதற்குப் பிறகும் பல மாதம் தினமும் டைலேட்டர் (வழி சுருங்காமல் இருக்க உள்ளே வைக்கும் கருவி) வைக்கவேண்டும். படுக்க இடம், சுத்தமான கை, தண்ணீர் மூன்றும் வேண்டும், கேபினில் அது சரிவராது. ஒரு வருடத்துக்கு ராத்திரி வீடு திரும்புகிற மாதிரி லைன் கேட்டு வாங்குங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் இதற்கான தனிப் பிரிவு இருக்கிறது. அவசரம் இல்லை. அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று இருப்பவர்களும் பெண்கள்தான்.

நெடுஞ்சாலைக்காரி (2024 நவம்பர்)

பதில் சொன்ன எல்லாருக்கும் நடந்ததைச் சொல்லவேண்டும்.

ஹார்மோன் எடுக்கிறேன். ஜெல்தான். பீடியை விட்டாயிற்று. செகண்ட் டிரைவரிடம் ஹைதராபாத் தாண்டி டீக்கடையில் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. வண்டி கிளம்பியபிறகு, "மேலே ஏறித் தார்பாய் நான் கட்டிக்கிறேன், நீ கீழே கயிறு பாரு" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. குளியலுக்குத் தாபா தொட்டியை விட்டுவிட்டேன். கதவு வைத்த குளியலறை உள்ள பெரிய பெட்ரோல் பங்குகளைப் பார்த்து வைத்திருக்கிறேன், அதை அனுசரித்து நேரத்தைப் போட்டுக்கொள்கிறோம். ராத்திரி நிறுத்துவதும் பங்கில் விளக்கு வெளிச்சத்தில், நம் ஊர் வண்டிகள் பக்கத்தில்தான்.

ஓனர் விஷயம்தான் மனதை அறுக்கிறது. சங்ககிரி அண்ணன் சொன்னதுபோலவே கணக்கு முடித்த அன்றைக்குச் சொன்னேன். திட்டவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். அப்புறம் வண்டியை மாற்றிவிட்டார். இப்போது சேலம், ஓசூர், பெங்களூரு லோக்கல் லைன், தனியாக ஓட்டுகிறேன். "உன் பாதுகாப்புக்குத்தான்" என்கிறார். தினம் வீட்டுக்கு வரலாம் என்பது உண்மைதான். ஆனால் பேட்டா பாதிக்கும் கீழே போய்விட்டது. நான் பாதுகாப்புக் கேட்கவில்லையே. என் வண்டியை எனக்குக் கொடுங்கள் என்றுதானே கேட்டேன்.

ஆட்சியர் சான்று வந்துவிட்டது. ஆதார் மாறிவிட்டது. லைசென்ஸ் விண்ணப்பம் ஆர்டிஓ ஆபிசில் இருக்கிறது.

சங்ககிரி ஓனர்

அம்மணி, நீக்காமல் வைத்திருக்கிறார் என்று நிம்மதி. ஆனால் நீங்கள் கோபப்படுவது நியாயம். லைசென்ஸ் கையில் வந்த அன்றைக்குப் போய்ப் பழைய லைனைக் கேளுங்கள். இத்தனை வருட மைலேஜ் கணக்கை எடுத்துப் போங்கள். இழுத்தடித்தால் எனக்குத் தனிச் செய்தி போடுங்கள். ராய்ப்பூர் லைனுக்கு எனக்கு ஆள் வேண்டும். வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை.

ஆறு சக்கரம்

ஹைதராபாத் தாண்டி டீக்கடை என்று படித்தேன். அந்தச் செகண்ட் டிரைவர் பெரிய மனுஷன். நான் இன்னும் என் நிலையில்தான் இருக்கிறேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் வழியில் வண்டி நின்று உதவி என்றால் என் வண்டி நிற்கும்.

விழுப்புரத்து அக்கா

பீடியை விட்டாய் பார், அதுக்கே உனக்குச் சுத்திப்போடவேண்டும் கண்ணு. சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போகாதே.

குட்டியானைக்காரன்

அக்கா, எனக்கும் ஹெவி லைசென்ஸ் எடுக்க ஆசை வந்துவிட்டது. செகண்டாக ஏறிப் பழகவேண்டும். எங்கே தொடங்குவது?

நெடுஞ்சாலைக்காரி

தம்பி, உங்கள் எல்எம்வி (இலகு ரக வண்டி) லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் தாண்டிவிட்டதல்லவா, அப்படியென்றால் பழகுநர் லைசென்ஸ் போடலாம். டிரான்ஸ்போர்ட் வண்டிக்குப் பயிற்சிப் பள்ளியின் படிவம் 5 சான்று கட்டாயம். நாமக்கல்லிலேயே அசோக் லேலண்ட் பயிற்சி நிலையம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். புதுப் பெயரிலேயே சேருங்கள், பழைய பெயரில் சேர்ந்துவிட்டு மறுபடி அலையவேண்டாம். ரிவர்ஸ் எடுப்பதும் லோடு வண்டியில் பிரேக் பிடிப்பதும் பள்ளியில் முழுதாக வராது. அதை நான் சொல்லித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஷெட்டில்தான் நிற்கும், ஓனரிடம் கேட்டு வைக்கிறேன்.